பீர்மேட்டு ஏற்றமும் மோட்டார் சைக்கிளின் நியூட்ரலும்

மோட்டார் சைக்கிளை நியூட்ரலில் நிறுத்தித்தான் கிளப்ப வேண்டுமா, அல்லது கியரில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிளப்பலாமா என்ற வினா, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே எழுந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர் ஒரு பாடம் சொல்லுவார். பட்டறைக்காரர் அதற்கு நேர்மாறான பாடம் சொல்லுவார். இருவரும் தத்தம் அனுபவத்தைச் சான்று காட்டுவர். புனாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்கள் ஊரிலிருந்து கற்று வந்த வழக்கத்தை அங்குள்ள புதிய வண்டியின்மேல் ஏற்றிப் பார்த்து, அது பலிக்காதபோது வண்டியைக் குறை சொல்வதும் உண்டு. இவ்வழக்குக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதனைச் சமவெளியில் நின்றுகொண்டு விளங்கிக்கொள்வது கடினம். மலைச்சரிவில் நின்று பார்த்தால் எளிது. ஆகவே நேயர்களைப் பீர்மேட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை முண்டக்கயம் வரையில் ரப்பர்த் தோட்டங்களின் நிழலில் அமைதியாகவே செல்லுகிறது. அதன்பின் பெருவந்தானம், முறிஞ்ஞபுழை எனச் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிக் குட்டிக்கானத்தை அடைகிறது. அங்கிருந்து பீர்மேடு, பாம்பனாறு, வண்டிப்பெரியாறு ஆகிய ஊர்களைக் கடந்தால் குமுளி. குமுளிக்குக் கிழக்கே சாலை திடீரென இறங்கி, லோயர் கேம்ப், கூடலூர் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் கலந்துவிடுகிறது. பீர்மேடு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் சரிவு அது. ஆனி, ஆடி மாதங்களில் பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாதபடி மூடுபனி இறங்கும்.

பீர் முகம்மது என்னும் தமிழ்ச் சூபி ஞானியார் தங்கித் தவமிருந்த மேடு என்பதால் இப்பெயர் வந்தது என்பது அங்குள்ள மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மலையில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. அத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்களில் மிகப் பலர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய தமிழர்களே. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால், வீட்டை விட்டு நகராமலேயே பிற மாநிலத் தமிழர் ஆகிவிட்ட மக்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு உறவும் சந்தையும் கோவில் திருவிழாவும் இன்றளவும் கம்பம் பள்ளத்தாக்கில்தான். போகவும் வரவும் அந்த ஏற்றத்தைக் கடந்தாக வேண்டும். அந்த ஏற்றத்தில், பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையுமாகச் செல்லும் ஒருவருடைய வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவே நின்றுவிட்டால், நியூட்ரலா கியரா என்பது பொழுதுபோக்கு வினாவாக இராது.

இனி வரலாற்றுக்கு வருவோம். முதன்முதலாக எண்ணிக்கையில் பெருக்கி விற்கப்பட்ட மோட்டார் சைக்கிள், 1894இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வெளிவந்த ஹில்டெபிராண்ட்-வுல்ஃப்முல்லர் என்பதாகும். அதற்குக் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. புகைவண்டி எஞ்சினில் இருப்பதுபோல் பிஸ்டனிலிருந்து வரும் தண்டுகள் நேரே பின்சக்கரத்தைப் பற்றித் திருப்பின. பின்சக்கரமே விசைச்சக்கரத்தின் வேலையையும் செய்தது. சக்கரம் சுழன்றால் எஞ்சின் சுழலும். சக்கரம் நின்றால் எஞ்சினும் நிற்கும். அவ்வண்டியைக் கிளப்ப வேண்டுமானால், அதனோடு கூடவே ஓடித் தள்ளி, எஞ்சின் உயிர்பெற்றதும் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். ஆக, தொடக்க கால மோட்டார் சைக்கிள் எப்போதும் கியரிலேயே இருந்தது என்று சொல்லலாம். நியூட்ரல் என்ற ஒன்று இருந்தால்தானே அதில் வைப்பது!

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இங்கிலாந்தில் ஓடிய வண்டிகளிலும் பெரும்பாலானவை இம்முறையினவே. எஞ்சினிலிருந்து ஒரு தோல் வார் நேரே பின்சக்கரத்துக்குச் செல்லும். ஓட்டுபவர் புகைபோக்கும் வால்வை ஒரு சிறு நெம்புகோலால் தூக்கிப் பிடிப்பார். அதனால் எஞ்சினுக்குள் அமுக்கம் குறைந்து வண்டி எளிதில் உருளும். நாலடி ஓடியதும் நெம்புகோலை விட்டால் எஞ்சின் வெடித்துக் கிளம்பும்; உடனே பாய்ந்து ஏற வேண்டும். சமவெளியில் இது ஒரு விளையாட்டு. ஏற்றத்தில் நின்றுவிட்டால் வேறு வழியின்றி வண்டியைச் சரிவை நோக்கித் திருப்பி, கீழே உருளவிட்டுக் கிளப்பி, மீண்டும் திரும்பி ஏற வேண்டும். பெரும் ஏற்றங்களில் வார் வழுக்கிவிடும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம்.

நியூட்ரலைக் கொண்டுவந்ததில் மலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து. ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் 1907 முதல் நடைபெற்றுவரும் மோட்டார் சைக்கிள் பந்தயம் இதற்கு நல்ல சான்று. முதல் நான்கு ஆண்டுகள் அது குறுகிய, ஓரளவு சமதளமான பாதையில் நடந்தது. 1907இல் வண்டியோடு சைக்கிள் மிதிகளும் இருக்கலாம். ஏற்றம் வந்தால் மிதித்து உதவலாம். அடுத்த ஆண்டே மிதிகள் கூடாதென்று விலக்கினர். 1911இல் பந்தயத்தை ஸ்னேஃபெல் மலைப்பாதைக்கு மாற்றியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. ஒரே கியர் கொண்ட வார் வண்டிகள் மலையின்முன் திணறின. கிளட்சும் இரண்டு கியர்களும் சங்கிலியும் கொண்ட அமெரிக்க 'இந்தியன்' வண்டிகள் அவ்வாண்டு முதன்மைப் பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றின. அப்பாதையின் மிக உயர்ந்த இடம் ஏறத்தாழ 1,400 அடிதான். பீர்மேட்டின் பாதி உயரம் கூட இல்லை. அவ்வளவு சிறிய மலையே ஒரு நாட்டின் வண்டித்தொழிலைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது.

உதைத்துக் கிளப்பும் முறைக்கும் அக்காலத்திலேயே வித்திட்டவர் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1908இல் அவர் வெளியிட்ட இரண்டடிச் சுழற்சி வண்டியில் இரண்டு கியர்களும் உதைநெம்பும் இருந்தன. பிறர் வண்டியோடு ஓடிக்கொண்டிருக்கையில், ஸ்காட்டின் வண்டியை வைத்திருந்தவர் நின்ற இடத்திலேயே ஓர் உதை விட்டுப் புறப்பட்டார். பார்த்தவர்கள் முதலில் நகைத்திருக்கலாம். ஆனால் 1912, 1913 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மான் தீவின் முதன்மைப் பந்தயத்தை வென்றது ஸ்காட் வண்டியே. முதல் உலகப் போரில் தூதஞ்சல் கொண்டுசெல்ல டிரையம்ப் நிறுவனம் 1915 முதல் செய்து கொடுத்த 'எச்' மாதிரியில் மூன்று கியர்ப் பெட்டியும் கிளட்சும் உதைநெம்பும் அமைந்தன, மிதிகள் மறைந்தன. ஏறத்தாழ 30,000 வண்டிகள் நேச நாட்டுப் படைகளுக்குச் சென்றன. போர்க்களத்தின் சேற்றில் வண்டியோடு ஓடிக் கிளப்புவதற்கு யாருக்கு நேரம்? 'நியூட்ரலில் வைத்து உதை' என்னும் பாடம் அந்தத் தலைமுறையோடு உலகெங்கும் பரவிற்று.

ஏன் நியூட்ரலில் வைக்க வேண்டும் என்பதை இங்கே சற்று விளக்கிவிடுவோம். குமுளிக்கு அருகில் தேக்கடியில் பெரியாற்று நீர் மதகு வழியாகச் சுரங்கத்தில் புகுந்து, மலையைத் துளைத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது அல்லவா? 1895இல் முடிந்த அந்த அணையைக் கண்டவர்களுக்கு நாம் சொல்லப்போகும் உவமை எளிதில் விளங்கும். மோட்டார் சைக்கிளை ஒரு வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் எஞ்சின்; கடைமடையில் பின்சக்கரம். இடையில் இரண்டு மதகுகள். தலைப்பை ஒட்டிய முதல் மதகு கிளட்ச். அதைக் கையால் பிடித்தால் மதகு மூடிக்கொள்ளும், விட்டால் திறந்துகொள்ளும். இரண்டாம் மதகு கியர்ப் பெட்டி. நியூட்ரலில் வைத்தால் மூடியிருக்கும். கியரில் போட்டால் திறந்திருக்கும்.

நாம் காலால் உதைக்கும் விசை இந்த வாய்க்காலின் எந்த இடத்தில் வந்து சேருகிறது? நம் வழக்கு முழுவதும் இந்த ஒரு வினாவில் அடங்கியிருக்கிறது.

பழைய ஆங்கிலேய வண்டிகளில் எஞ்சின் தனி, கியர்ப் பெட்டி தனி. உதைநெம்பு கியர்ப் பெட்டியின் பக்கத்தில் இருந்தது; அதன் விசை பெட்டிக்குள்ளிருக்கும் முதன்மைத் தண்டைத் திருப்பியது. அதாவது, இரண்டு மதகுகளுக்கும் இடையில் வந்து சேர்ந்தது. அந்த விசை தலைப்பை நோக்கி ஏறி எஞ்சினைச் சுழற்ற வேண்டுமானால் முதல் மதகு திறந்திருக்க வேண்டும். கிளட்சைப் பிடிக்கக் கூடாது. கடைமடைக்கு ஓடிப் பின்சக்கரத்தைத் தள்ளாமல் இருக்க இரண்டாம் மதகு மூடியிருக்க வேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். இவ்வகை வண்டியைக் கியரில் வைத்துக் கிளட்சைப் பிடித்து உதைத்தால் எஞ்சின் அசையாது. வண்டிதான் முன்னே நகரும். கியரில் வைத்துக் கிளட்சை விட்டு உதைத்தாலோ எஞ்சினும் சக்கரமும் சேர்ந்து இழுபடும். தப்பித் தவறிக் கிளம்பிவிட்டால் ஓட்டுபவரையும் விட்டுவிட்டு வண்டி பாய்ந்துவிடும்.

நம் நாட்டில் இவ்வகையின் தலைமகன் என்று புல்லட்டைத்தான் சொல்ல வேண்டும். சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினர். எல்லைக் காவலுக்கு நம் படையினர் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத் தூண்டுகோல். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினர். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். தாய் நிறுவனம் 1970ஐ ஒட்டி மறைந்துபோயிற்று. சென்னைக் குழந்தையோ வளர்ந்துகொண்டேயிருந்தது. திருவொற்றியூரில் பிறந்த அந்த வண்டி காசுமீரத்துக்கும் போயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களுக்கும் வந்தது.

புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. குளிர்ந்த காலையில், இரவெல்லாம் எண்ணெயில் ஊறிய கிளட்சுத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் நியூட்ரலில் வைத்து, கிளட்சைப் பிடித்து, இரண்டு மூன்று முறை சும்மா உதைத்து அவற்றைப் பிரித்துவிட வேண்டும். விசை இரண்டு மதகுகளுக்கும் இடையில் சேருவதால்தான் இது இயலுகிறது என்பதைக் கவனிக்கவும். பிறகு கிளட்சை விட்டு, கால்நெம்பை மெல்ல அழுத்திக்கொண்டே விளக்கின்மேல் உள்ள ஆம்பியர் மானியைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தவுடன், இடக்கையால் டீகம்ப்ரஸர் நெம்பை இழுத்துப் பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு மயிரிழை தாண்டச் செய்ய வேண்டும். அதன்பின் நெம்பை மேலே வரவிட்டு, முழு உடலின் எடையையும் கொடுத்து ஒரே உதை. முறை தவறினால் நெம்பு திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கிய கதைகள் புல்லட் வைத்திருக்கும் எக்குடும்பத்திலும் கிடைக்கும்.

வீட்டு முற்றத்தில் இச்சடங்கு அழகாகவே இருக்கும். முறிஞ்ஞபுழைக்கு மேலுள்ள ஒரு வளைவில், பின்னால் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டிருக்க, மழையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில், உதைநெம்பும் வலப்பக்கம். வலக்கால் உதைக்கப் போனால் இடக்கால் தரையில் ஊன்ற வேண்டும். ஆகப் பின் பிரேக்கை மிதிக்கக் கால் இல்லை. முன் பிரேக்கை வலக்கை பிடித்திருக்க வேண்டும். அதே கைதான் பெட்ரோலையும் திருக வேண்டும். இவ்வளவுக்கும் முன்னே நியூட்ரலைத் தேட வேண்டும். நின்ற வண்டியில் கியர்ப் பற்கள் எளிதில் இடம் மாறா. வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துக் கொடுத்தால்தான் மாறும். ஏற்றத்தில் பின்னே அசைப்பது எளிது. முன்னே அசைப்பது?

அவ்வண்டியை அமைத்தவர்கள் இத்துன்பத்தை அறியாதவர்கள் அல்லர். ஆல்பியன் கியர்ப் பெட்டியில் கியர் மாற்றும் நெம்புக்குப் பக்கத்தில், குதிகாலால் மிதிக்கத்தக்க இன்னொரு சிறு நெம்பை வைத்தார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர் எதில் இருந்தாலும், கிளட்சைப் பிடித்து அதை ஒரு மிதி மிதித்தால் நியூட்ரல் வந்துவிடும். நெருக்கடியில் நிற்கும் ஓட்டுநருக்காகச் செய்யப்பட்ட இதுபோன்ற கனிவான கருவியைப் பிற வண்டிகளில் நாம் அதிகம் கண்டதில்லை. முதல் கியரிலிருந்து மட்டும் அது உதவாது. பெரும் ஏற்றத்தில் வண்டி நிற்பது பெரும்பாலும் முதல் கியரில்தான் என்பது விதியின் சிறு குறும்பு!

மைசூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஜாவா வண்டியும், அதன் வழிவந்த எஸ்டியும் இச்சிக்கலை வேறொரு வகையில் அணுகின. கியர் மாற்றும் நெம்பையும் உதைநெம்பையும் ஒன்றாக்கினார்கள். அதே நெம்பை உட்புறம் அழுத்தி மேலே திருப்பினால் உதைநெம்பு. கிளம்பியதும் கீழே மடக்கினால் கியர் நெம்பு. கண்ணுக்கு அழகும் கைக்குச் சிக்கனமும் உடைய ஏற்பாடு. ஒரே நெம்பு இரு வேலையும் செய்வதால், உதைக்கும்முன் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்ற நினைவு ஓட்டுபவருக்குத் தானாகவே வந்துவிடும்.

அடுத்த மாற்றம் சப்பானிலிருந்து வந்தது. அங்கே எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒரே கூட்டுக்குள் அமைத்தபோது, உதைநெம்பின் விசையைக் கியர்ப் பெட்டித் தண்டில் சேர்க்காமல், கிளட்சின் வெளிக்கூடையில் சேர்க்க வழி கண்டார்கள். வெளிக்கூடை எப்போதும் எஞ்சினோடு பற்களால் பிணைந்திருப்பது. நம் உவமைப்படி, விசை முதல் மதகுக்கு மேலேயே வந்து சேர்ந்துவிட்டது. இனி இரண்டாம் மதகு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? கிளட்சைப் பிடித்துக்கொண்டால் போதும். எந்தக் கியரிலும் உதைத்துக் கிளப்பலாம். சேற்றுப் பந்தயங்களில் விழுந்து எழுந்தவர்கள் நொடி நேரத்தையும் வீணாக்காமல் புறப்பட இது பேருதவியாயிற்று.

நம் நாட்டின் சாலைகளில் இவ்வசதியைப் பலரும் கண்டது 1980களின் நடுவில். 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை வெளியிட்டது. நூறு சி.சி.யே ஆனாலும் ஏற்றத்தில் அது காட்டிய துள்ளலை மலைநாட்டு இளைஞர்கள் இன்றும் மறக்கவில்லை. 1996இல் தயாரிப்பு நின்றுவிட்டபோதிலும் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டிக்குப் பெருவிலை கொடுப்பவர் இருக்கின்றனர். அந்த வண்டி வளைவில் நின்றால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கியரைத் தொட வேண்டாம். இடக்கை கிளட்சைப் பிடித்தபடியே இருக்கட்டும். வலக்கால் ஒரு சிறு உதை. முதல் கியரிலேயே எஞ்சின் உயிர்பெறும். கிளட்சை மெல்ல விட்டால் புறப்படலாம். புல்லட்டில் நியூட்ரலைத் தேடிக் கிளப்பி, மறுபடியும் நெம்பை மேலே தூக்கி முதல் கியருக்கு வருவதற்குள் இவர் அடுத்த வளைவைக் கடந்திருப்பார்.

வீட்டிலே எழும் வாக்குவாதத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. தந்தையார் புல்லட்டில் கற்றவர். 'நியூட்ரலில் வைக்காமல் உதைக்காதே' என்பார். மகன் யமஹாவில் பழகியவன். 'கிளட்சைப் பிடித்தால் போதும்' என்பான். இருவர் சொல்வதும் அவரவர் வண்டிக்கு மெய். தந்தையின் பாடத்தை மகனின் வண்டியில் கடைப்பிடித்தால் ஒரு கேடும் வராது. மகனின் பாடத்தைத் தந்தையின் வண்டியில் கடைப்பிடித்தால் சரிவில் வண்டி நகர்ந்துவிடும். இரவல் வண்டியை ஓட்டும்போது எதைக் கைக்கொள்வது என்று கேட்பவருக்கு நாங்கள் சொல்லும் விடை இதிலிருந்தே வருகிறது: சமதளத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும் நியூட்ரலே முதல் தேர்வு. அதோடு கிளட்சும் பிடிபட்டிருக்கலாமா என்பது, விசை எங்கே சேருகிறது என்பதைப் பொறுத்தது.

உதைநெம்பு அறியாத மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அது பழைய வழியே. பாட்டரி தீர்ந்துவிட்டால் வண்டியை இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துச் சரிவில் உருளவிட்டு, வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென விடுவது. இங்கே விசை கடைமடையிலிருந்து, பின்சக்கரத்தின் வழியாகத் தலைப்பை நோக்கி ஏறுகிறது. ஆகவே இரண்டு மதகுகளும் திறந்திருக்க வேண்டும். நியூட்ரலில் இது நடக்காது. முதல் கியரில் போட்டால் எஞ்சின் தரும் தடை சக்கரத்திடம் பன்மடங்காகித் தெரியும். சக்கரம் உருளாமல் வழுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டாம் கியரை நாடுகிறார்கள். உலகப் பெரும் பந்தயங்களிலும் 1986 வரையில் ஓட்டுநர்கள் நிறுத்திய எஞ்சினோடு நின்று, கொடி அசைந்ததும் வண்டியைத் தள்ளி ஓடித் தாவியேறியே புறப்பட்டனர். 1987 முதல்தான் ஓடும் எஞ்சினோடு புறப்படும் முறை வந்தது. 1894இன் வழக்கம் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பந்தயக் களத்தில் உயிரோடு இருந்தது என்பது வியப்புக்குரியது.

சரிவைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையை இடையில் சொல்லிவிட வேண்டும். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்தலாம் என்று எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் உருண்டு வருபவர்கள் உண்டு. மிச்சமாவது சில ரூபாய். எஞ்சின் தரும் இயல்பான தடை இல்லாமற் போவதால் முழுச் சுமையும் பிரேக்குகள்மேல் விழுகிறது. நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடி தளரும். ஏறிய அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் சொல் இருசக்கர வண்டிக்கும் பொருந்தும்.

மின்சாரத்தால் கிளப்பும் முறை வந்தபின் வழக்கு தீர்ந்துவிட்டதா? 1914இலேயே அமெரிக்க இந்தியன் நிறுவனத்தார் மின்கிளப்பி பொருத்திய மோட்டார் சைக்கிளை விற்றுப் பார்த்தனர். அக்காலப் பாட்டரிகள் தாங்காமல் அது தோற்றது. சப்பானியர் அதை நிலைநிறுத்தினர்; 1969இல் வந்த ஹோண்டா சி.பி. 750க்குப் பின் பெரிய வண்டிகளுக்கு அது இன்றியமையாததாயிற்று. பொத்தானை அழுத்தினால் விசை நேரே எஞ்சினின் தண்டுக்கே செல்லுகிறது. வாய்க்காலின் தலைப்பிலேயே சேருகிறது. எனவே நியூட்ரலிலும் கிளப்பலாம். கியரில் கிளட்சைப் பிடித்தும் கிளப்பலாம். ஆனால் ஒரு புதிய இடர் பிறந்தது. உதைப்பவர் வண்டியின்மேல் ஏறி நின்று, கவனத்தோடு உதைப்பார். பொத்தானை எவரும், எப்படியும் அழுத்திவிடலாம்.

மலைநாட்டில் இவ்விடர் சற்று மிகுதி. இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறுத்தும் பிரேக் என்று தனியாக இல்லை. சரிவில் நிறுத்துபவர் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார், அதுவே முறை. காலையில் வேறொருவர், வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம், பக்கத்தில் நின்றபடியே பொத்தானைத் தொட்டால், கியரில் இருக்கும் வண்டி தாங்கியிலிருந்து துள்ளி முன்னே பாயும். பீர்மேட்டில் பல வீடுகளுக்கு முற்றத்தின் விளிம்பே பள்ளத்தின் விளிம்பு. இதைத் தடுக்கவே வண்டி அமைப்பவர்கள் மின்சுற்றில் காவல் வைத்தார்கள். நியூட்ரலில் இருந்தால் பச்சை விளக்கு எரியும். பொத்தானும் வேலை செய்யும். கியரில் இருந்தால் கிளட்சைப் பிடித்தாலொழியப் பொத்தான் வேலை செய்யாது. பக்கத் தாங்கி கீழே இருக்க, வண்டி கியரிலும் இருந்தால் பல வண்டிகளில் எஞ்சினுக்குப் பொறியே செல்லாது. தந்தையின் பாடமும் மகனின் பாடமும் ஒரே கம்பிச் சுற்றுக்குள் அடங்கிவிட்டன.

அக்காவலையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது என்பது எங்கள் எண்ணம். குளிர்காலத்தில் எண்ணெய் தடித்துக் கிளட்சுத் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால், கைநெம்பைப் பிடித்திருந்தும் மதகு உண்மையில் மூடியிராது. கியரில் கிளப்பிய வண்டி சற்று முன்னே இழுக்கும். மார்கழிக் காலையில் நியூட்ரலில் வைத்து, கிளட்சையும் பிடித்துப் பொத்தானை அழுத்துவது நல்ல வழக்கம். நியூட்ரலில் இருக்கும்போது கிளட்சை ஏன் பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். பிடித்தால், தடித்த எண்ணெயில் கியர்ப் பெட்டியின் தண்டுகளைச் சுழற்றும் வேலை மின்கிளப்பிக்குக் குறைகிறது. பாட்டரிக்கும் சுமை குறைகிறது. பச்சை விளக்கை மட்டும் நம்பாமல், வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டிப் பார்ப்பதும் நன்று. விளக்கு பழுதாகலாம், சக்கரம் பொய் சொல்லாது.

புல்லட்டும் காலத்தோடு மாறிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு மின்கிளப்பி வந்தது. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் சேர்ந்தன. கியர் நெம்பு இடக்காலுக்கு மாறிற்று. குதிகால் நெம்பு மறைந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய புகை விதிகளுக்கேற்பக் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு எங்கும் வந்தது. 2021இல் வெளிவந்த புதிய கிளாசிக் 350 வண்டியிலும், 2023இல் வந்த புதிய புல்லட்டிலும் உதைநெம்பே இல்லை.

இதனால் மலைச்சாலைக்கு ஒரு புதிய நிலைமை ஏற்பட்டிருக்கிறது. பழைய வண்டியில் பாட்டரி அடியோடு தீர்ந்தாலும், இரண்டாம் கியரில் போட்டுக் குட்டிக்கானத்துச் சரிவில் உருட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். புதிய வண்டியில் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்பும், அதனைக் கணக்கிடும் மின்னணுப் பெட்டியும் பாட்டரியைக் கொண்டே வேலை செய்கின்றன. சாவியைத் திருப்பியதும் பம்பு ஓடும் மெல்லிய ஒலி கேட்டால், பாட்டரியில் இன்னும் சிறிது உயிர் இருக்கிறது, தள்ளினால் கிளம்பக்கூடும். ஒலி கேட்கவில்லையென்றால் கியரில் தள்ளியும் பயனில்லை, நியூட்ரலில் நின்றும் பயனில்லை. வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு, கம்பத்திலிருந்தோ வண்டிப்பெரியாற்றிலிருந்தோ வரும் ஜீப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.